கோயம்புத்தூர் அண்ணன் மகள்

முதியோர் இல்லத்தில் சேரும் படிவத்தில் ஆறாவது கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஆறாவது கட்டம், 'அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பொறுப்பாளர்'. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே அண்ணன், அவரும் பிள்ளை குட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பொறுப்பாளர் இல்லாதவர்களை அங்கே சேர்ப்பதில்லை என்று எங்கள் சர்ச் பங்குச் சாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான், என் குடும்பக் கதை அவருக்குத் தெரியாது. ஆகவே அண்ணனுக்கு ஒரு மகளை உண்டாக்கி, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து, என் போனில் கிடந்த இரண்டாவது சிம்மின் எண்ணை அவளுக்குக் கொடுத்தேன்.

பொய் எனக்குப் புதிதில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷம் போன் எடுத்தவள் நான். ஃபியூஸ் கட்டை கேட்டு மெட்ராஸிலிருந்து கூப்பிடுவார்கள். சூளையையே இன்னும் திறந்திருக்க மாட்டார்கள். "லோடு ஏத்தியாச்சுங்க, லாரி உளுந்தூர்பேட்டை தாண்டியிருக்கும்" என்பேன். நேரில் என் குரல் தகர டப்பா. போனை எடுத்தால் மட்டும் இருபது வயது குறைந்துவிடும். அந்தக் குரலை நம்பி ஒருவர் ஆபீசுக்கே வந்தார். என்னைப் பார்த்தார், சாம்பிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இல்லத்தை நடத்தும் சிஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். பாதுகாப்பு விஷயத்தில் கறார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத சொரசொரப்புத் தரை, கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி. மாத்திரையை அவர் கண்முன் விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று முட்டி மடக்க முடியாத பதினெட்டுப் பேருக்கும் பாடம் வேறு. குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஒன்றும் சிக்கவில்லை. பேசத்தான் ஆளில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்குக் காது கேட்காது. எதிர்க் கட்டில்காரி நாள் முழுக்க மகனோடு வீடியோவில் இருப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எல்லாப் பக்கமும் முடிந்தால் மறுபடி முதல் பக்கம்.

அங்கே ஒரு வழக்கம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு சிஸ்டர் எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் போன் செய்வார். ஆபத்து நேரத்தில் எண் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்காக. முதல் மாதம் இது தெரிந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. சமையல்கட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் போய், முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு நின்றேன். போன் கையில் அதிர்ந்தது.

"வணக்கம்மா, உங்க அத்தையப் பத்திச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

"சொல்லுங்க சிஸ்டர், எப்படி இருக்காங்க?" என்று பழைய ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"எடை ஒரு கிலோ கொறஞ்சிருக்குது. காலைல கேவுரு கூழு குடுத்தா அப்படியே வெச்சிடறாங்க. யாருகிட்டயும் பேசறதில்ல. பேப்பரு வந்தா மொத ஆளா எடுத்துக்குறாங்க, அப்புறம் யாருக்கும் தர்றதில்ல. கொஞ்சம் கோவக்காரங்க. ஆனா நல்லவங்கம்மா."

என்னை ஒருவர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது அந்தக் கல்லருகே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க 'ஆனா நல்லவங்க' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பேப்பரை நானாகவே எதிர்க் கட்டிலுக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு மாதம் பிறப்பதற்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். நான் வாய் திறந்து கேட்காததையெல்லாம் அண்ணன் மகள் கேட்டாள். "அத்தைக்குக் கூழு ஒத்துக்காது சிஸ்டர்" என்றாள், இரண்டு இட்டிலி வந்தது. "ஃபேனுக்கு நேர் கீழ படுத்தா கழுத்து வலிக்குமே" என்றாள், சாயங்காலமே கட்டில் நகர்ந்தது. கெட்டிக்காரி. ஒருமுறை விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ரயில் ஊதிய சத்தம் சிஸ்டருக்கு ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டது. "எங்க வூடும் ரயில்வே லைன் பக்கம்தான் சிஸ்டர்" என்று சமாளித்தாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். கம்பி, மணி, சிலிண்டர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு ஃபைலைப் புரட்டினார்கள். பொறுப்பாளர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆதார் நகல் வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார்கள். அன்றைக்கே சிஸ்டர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். இடுப்பில் போன் அதிர்ந்ததும் துவைக்கிற கல்லுக்குப் போய் எடுத்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம கட்டாயம் வரணும்மா. கையெழுத்து இல்லன்னா அத்தைய இங்க வெச்சிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்காக மட்டும் கூப்புடலம்மா. ஞாயித்துக்கெழமன்னா அவங்க கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருதரம் வந்துட்டுப் போங்க."

நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியாது. "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. கட்டிலும் இரண்டு இட்டிலியும் போனால் எங்கே போவேன் என்று அதன் பிறகுதான் யோசித்தேன். போக ஓர் இடமும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் ஆபீஸ் வாசல் வரை போனேன். உள்ளே சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, அண்ணன் பொண்ணு வர்றாங்கன்னு சந்தோஷமா இருக்கீங்க போல" என்பார். திரும்பி வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிஸ்டரே எனக்குத் தலை வாரிவிட்டார். நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். கோழிக் குழம்பு. அண்ணன் மகளுக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைத்தார்கள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எதிர்க் கட்டில்காரி என்னை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. இரண்டு மணிக்கு எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பிறக்கவே பிறக்காதவள் என்று தெரிந்தும் கோபம் குறையவில்லை. வர முடியவில்லை என்றால் ஒரு போன் பண்ணக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

நாலு மணிக்கு சிஸ்டர் விறுவிறு என்று ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. துவைக்கிற கல்லுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

"ஏம்மா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? காலைலேர்ந்து அவங்க நல்ல புடவ கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. சோறுகூட சரியா துன்னல. பெத்த தாயா இருந்தா இப்படி வுடுவீங்களா?"

எனக்காக ஒருவர் இப்படிக் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"அழுவாதீங்க. நீங்க ஒண்ணும் வர வேணாம். பொறுப்பாளர்னு நானே கையெழுத்துப் போட்டுக்குறேன், ஆபீசருங்ககிட்ட நான் பேசிக்குறேன். அவங்க என்கிட்டயே இருக்கட்டும். இந்த நம்பருக்கு இனிமே போன் பண்ண மாட்டேன்."

கட்டில் பிழைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கட்டில் ஞாபகத்துக்கே வரவில்லை. "சிஸ்டர், போன் மட்டும் பண்ணுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினேன். "மாசத்துக்கு ஒருதரம், அவங்க எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சிக்கணும்னா நேர்ல வந்து பாருங்க" என்று வைத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் டீயோடு வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன் பொண்ணு பேசினாங்கம்மா. ரெண்டு நாளா காய்ச்சலாம், எழுந்திரிக்கவே முடியலியாம். உங்கள ரொம்ப விசாரிச்சாங்க."

அவர் பொய் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாதவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பாவம் சிஸ்டர்" என்றேன். "அவளுக்கு அங்க யாருமே இல்ல."