பெயிண்ட் குறி போட்ட கங்காரு

ஒரு பிராணியின் படத்துக்காக ஆயிரம் மைல் அலைகிற ஒருவனுக்கு, அந்தப் பிராணி உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன என்று எப்படித் தோன்றுகிறது? அந்த வாரம் எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கிளெனிஸ் ப்ரௌஸ் ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, படம் எடுக்க வருகிறவர்களைத் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு வனாந்தரத்துக்குள் போய்வந்தார். அவரிடமும் சின்னதாக ஒரு கேமரா உண்டு. அவர் எடுத்த படங்களில் முக்கால்வாசியில் பிராணியின் வால்தான் இருக்கும். கேட்டால், "மூஞ்சியக் காட்டு மூஞ்சியக் காட்டுன்னு கெஞ்ச நான் என்ன கல்யாண வீட்டு போட்டோகிராபரா?" என்பார்.

நகரத்திலிருந்து வருகிற பெரிய லென்ஸ்காரர்களை அவருக்கு அறவே பிடிக்காது. குடிநீர்க் குழாய் நீளத்துக்கு லென்ஸ், இலை அச்சடித்த சட்டை, பையில் ஒரு ஒலிபெருக்கி. அதில் பறவையின் குரலை ஓடவிட்டால், வேறொரு ஆண் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக் குருவி பதறிக்கொண்டு வெளியே வரும். உடனே படபடவென்று முப்பது படம்.

"உன் வீட்டு வாசல்ல ஒருத்தன் நின்னு உன் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்பிட்டா நீயும்தான் வெளிய ஓடி வருவ. அதுக்குப் பேரு கலையா?" என்பது கிளெனிஸின் கட்சி.

அந்த ஆகஸ்டில் வந்தவன் மெர்ரிக் டோலி. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சள்கால் பாறை வாலபி என்கிற சிறு கங்காரு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, அது தலையைத் திருப்பவில்லை என்று கூழாங்கல்லை எறிந்தான். அது பாறை பாறையாகத் தாவி மறைந்தது.

"வாயத் தொறன்னு சொன்னா தொறக்குறதுக்கு அது உங்க பேஷண்டா, டாக்டரே?" என்று கேட்டார் கிளெனிஸ்.

"கிளெனிஸ், நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க" என்றான்.

எங்கள் சாலைகளில் அடிபட்டுச் செத்த கங்காருவைக் கண்டால் வண்டியை நிறுத்தி அதன் வயிற்றுப் பையைத் திறந்து பார்ப்போம். தாய் செத்தாலும் உள்ளே குட்டி சில நாள் உயிரோடு கிடக்கும். பார்த்தவர்கள் இளஞ்சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்தாயிற்று, நீ நிற்க வேண்டாம் என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்வதற்காக. அந்த பெயிண்ட் டப்பா கிளெனிஸின் வேனிலும் எப்போதும் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை, மெர்ரிக் அவரை வேனை எடுக்கச் சொல்லி, ராத்தங்கிய முகாமிலிருந்து சாலையோரத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு பெண் கங்காரு மல்லாந்து கிடந்தது. வயிற்றில் குறி.

"நேத்து சாயந்தரம் நடக்கப் போனப்பவே பாத்தேன். யாரோ செக் பண்ணிட்டாங்க. கழுகு கண்டிப்பா இறங்கும்."

கிளெனிஸ் நம்பினார். அந்தக் குறியில் ஒருவன் பொய் சொல்வான் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது. அவன் புதருக்கடியில் படுத்துக்கொண்டான். அவர் வேனில் உட்கார்ந்து தேநீரை ஊற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் ஆப்புவால் கழுகு இறங்கியது. கறுப்பு இறக்கை, ஆள் நீளம். கிளெனிஸும் தன் சின்ன கேமராவைக் கண்ணில் வைத்தார். கழுகு செத்த கங்காருவின் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. அப்போது வயிற்றில் இருந்த பெருக்கல் குறி அசைந்தது.

காற்று என்று நினைத்தார். காற்றே இல்லை. குறி மறுபடியும் நெளிந்தது. கழுகும் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தது.

கிளெனிஸ் கதவைத் திறந்து ஓடினார். கழுகு எழும்பிப் பறந்தது.

"ஐயோ! என்ன பண்றீங்க! இப்பத்தான் இறக்கைய விரிச்சிச்சு!" என்று புதர் கத்தியது.

அவர் பையைத் திறந்தார். பெயிண்ட் காய்ந்து பையின் இரண்டு உதடுகளையும் ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே மெல்லிய ரோமத்தோடு ஒரு குட்டி, முலைக்காம்பைக் கவ்வியபடி. காம்பை இழுத்தால் குட்டியின் வாய் கிழிந்துவிடும். கத்தரிக்கோலால் காம்பையே வெட்டி, குட்டியைத் தன் கம்பளித் தொப்பிக்குள் வைத்து, ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். பிறகுதான் மெர்ரிக்கின் பூட்ஸைப் பார்த்தார். முனையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

"நீதான் போட்டியா?"

"எவனாவது வண்டிய நிறுத்தி நோண்டிக்கிட்டு நின்னா கழுகு எப்படி வரும்? உள்ள குட்டி இருக்கும்னு நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?"

"ஜோசியம் எதுக்கு? கையிருக்கே!"

"நாத்தம் அடிச்சுது, கிளெனிஸ்."

முப்பது வருஷம் ஊரார் வாய்க்குள் கைவிட்டுச் சம்பாதித்தவன் சொன்ன பதில் இது.

"சரி, ஆனது ஆச்சு. ஒரு பத்து நிமிஷம் இருங்க. கழுகு திரும்பி வரும்" என்றான் அவன்.

கிளெனிஸ் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனையும் கறி அடைத்த ரொட்டி இரண்டையும் மரத்தடியில் இறக்கி வைத்தார். "தண்ணி இருக்கு, நிழல் இருக்கு, உன் கழுகும் இருக்கு. சாயந்தரம் வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மண்பாதையில் இரண்டரை மணி நேரம் ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கை ஸ்வெட்டருக்கு மேலேயே இருந்தது.

அனாதைக் குட்டிகளை வளர்க்கும் தெல்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ராத்திரி தாங்கியிருக்காது" என்றார். குட்டி பிழைத்தது. சொன்னபடி கிளெனிஸ் சாயங்காலம் போய் மெர்ரிக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவன், கெட்டுப்போன படத்தைப் பற்றியே புலம்பினான்.

உண்மையில் படம் கெடவில்லை. அவர் ஓடுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது அவனிடம் இருந்தது. கணினியில் குறியை அழித்துவிட்டு, 'மனிதக் கை படாத பூமி' என்று பெயர் வைத்து நகரத்துக் கண்காட்சியில் மாட்டினான். பரிசு ரிப்பன் கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன?

கிளெனிஸுக்கு அந்த ரிப்பன் ஒரு பொருட்டே இல்லை. குறி இருக்கிறதென்று இருபது வருஷமாகத் தான் வண்டியை நிறுத்தாமல் கடந்துபோன கங்காருக்களை எண்ணித்தான் தூக்கம் போனது. இப்போது குறி இருந்தாலும் நிறுத்துகிறார், நாறினாலும் கைவிட்டுப் பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் மற்றவர்களும் அப்படித்தான் செய்கிறோம். ஒருவன் செய்த வேலைக்கு எல்லோருக்கும் இரட்டை வேலை.

இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.