மூன்றடியில் பிடிக்கும் லென்ஸ்

தூரத்தில் இருப்பதைப் படம் எடுக்கும் டெலி லென்ஸில் புது மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கஞ்சன் என்கிறார்கள். வாங்க வக்கில்லாதவன் வயிற்றெரிச்சல் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். காரணத்தை இன்றுதான் எழுதுகிறேன். இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டவில்லை. நம்பாதவர்கள் நாளைக்கே போய் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு நஷ்டமில்லை.

முதலில் ஒன்று. நான் இருட்டுக்குப் பயந்தவன் இல்லை. மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு ஒன்றில் நான்கு வருடம் இரவுக் காவலில் இருந்தேன். ஒரு தடவை மூன்று நாள் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு, கிடங்கு முழுக்க மீன் அழுகியது. வடிந்த நீர் கதவுக்கு அடியில் ஒழுகி என் செருப்பை நனைத்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. அழுகல் நாற்றம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.

அப்புறம் அக்கா வீட்டில் ஒண்டினேன். முதல் மாதம் தம்பி, இரண்டாம் மாதம் விருந்தாளி, மூன்றாம் மாதம் தண்டச்சோறு. அக்கா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் தட்டை வைக்கும் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

அத்தான் ஒரு விசாரணை அலுவலகம் வைத்திருக்கிறார். விபத்தில் அடிபட்டதாகக் காப்பீட்டுப் பணம் கேட்கிறவர்களைத் தூரத்திலிருந்து ரகசியமாகப் படம் எடுப்பதுதான் அங்கே தொழில். நடக்க முடியாது என்றவன் நடந்தால் ஒரு படம். கை தூக்க வராது என்றவன் துணி காயப்போட்டால் ஒரு படம். படம் விழுந்தால் அவனுக்குப் பணம் இல்லை, அத்தானுக்கு உண்டு. கேட்டதும் எனக்குக் குமட்டியது. ஆனால் குமட்டல் சோறு போடாது.

அங்கே முன்பு படம் எடுத்தவரைப் பருந்து என்று கூப்பிடுவார்கள். மூக்கும் அப்படி, கண்ணும் அப்படி. திடீரென்று வேலையை விட்டுவிட்டார். அவர் எடுத்த ஒரு படம் மட்டும் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. திறந்த மாடிப்படியில் ஒருவன் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து ஏறுகிறான். முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடப்பதாகச் சொன்ன ஒரு லாரி டிரைவராம். வந்தவர்களுக்கெல்லாம் அத்தான் அதைக் காட்டுவார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உடம்பு தெரிந்தது. முகம் கரைத்த மாவு மாதிரி இருந்தது.

அத்தான் எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். வேலை தருவேன், கேமராவும் ட்ரைபாடும் தருவேன், லென்ஸ் உன் காசில் வாங்கு, திங்கட்கிழமைக்குள் வரவில்லையென்றால் வேறு ஆள் வருவான் என்றார். அன்று ராத்திரி அக்கா அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"திங்கக்கிழமை வரைக்கும்தாண்டா உனக்காக நான் பேச முடியும். அதுக்கப்புறம் என் வாயை அடைச்சிடுவாரு."

லென்ஸ் கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நீளம். ஒன்று பழைய மாடல், பல கை மாறியது. இன்னொன்று புது மாடல், யாரோ வாங்கி மறுநாளே திருப்பியது. அதனால் விலை கொஞ்சம் குறைவு. அப்படியும் பழையதைப்போல இரண்டு மடங்கு. பழையதை வாங்கினால் என் சேமிப்பில் பாதி மிஞ்சும். புதியதை வாங்கினால் பாக்கெட்டில் நூல்தான் மிஞ்சும்.

அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கை ஆடினாலும் படம் ஆடாதாம். இருட்டிலும் தெளிவாம். அப்புறம், பழையது ஆறடிக்கு உள்ளே இருப்பதை ஃபோகஸ் பண்ணாது. வெறும் மங்கலாகத்தான் தெரியும். புதியது மூன்றடி வரைக்கும் பிடிக்கும்.

"நான் எடுக்கப்போறது முந்நூறு அடிக்கு அந்தப்பக்கம் இருக்கறவனை. மூணடியில எனக்கு என்ன வேலை அண்ணே?"

"இருந்துட்டுப் போகட்டுமே தம்பி. ஒரு சாயங்காலம்தான் ஓடியிருக்கு. புதுப்பொண்ணு மாதிரி இருக்கு பாருங்க."

பேசிக்கொண்டே கீழ்த்தட்டைக் காட்டிப் புலம்பினார். போன மழையில் கடைக்குள் வெள்ளம் புகுந்து, அந்தத் தட்டில் இருந்த லென்ஸ் எல்லாம் உள்ளே ஃபங்கஸ் பிடித்துவிட்டதாம். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பூசண நரம்பு ஓடியிருந்தது. செத்த கண் மாதிரி.

என் வண்டியை ஈடாக நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டேன். எங்கே சோதிப்பது என்று அத்தான்தான் வழி சொன்னார்.

"அந்தச் செவுத்துப் படத்தை எடுத்த ரூம் சாவி நம்மகிட்டதான் மாப்ள இருக்கு. அதே எடத்துல உக்காந்து அதே படிக்கட்டை ரெண்டுலயும் எடு. வித்தியாசம் தெரிஞ்சா காசைக் கொட்டு. தெரியலன்னா பொத்திக்கிட்டுப் பழசை வாங்கு."

ஞாயிறு மாலை 5.40. மூன்றாவது மாடி, காலி அறை. புறா எச்சம் தரையில் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே பருந்து பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகள். மூலையில் இரண்டு தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கி. உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. ஒளிந்து படம் எடுக்கிறவன் ஆசாமி வரும்வரை இடத்தைவிட்டு நகர முடியாது. அதற்காக இப்படியா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ட்ரைபாடை விரித்தேன்.

எதிரே, வண்டி நிறுத்தும் மைதானத்தைத் தாண்டி, அந்தப் படிக்கட்டு. மூன்றாவது மாடியில் கடைசிக் கதவு ஒன்றில் பூட்டு இல்லை. குறுக்கே பலகை அடித்திருந்தது. பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய லென்ஸை மாட்டினேன். நாலு படம் நன்றாக வந்தது. ஐந்தாவதில் இடது மூலையில் ஒரு கறை. டீ சிந்தியது மாதிரி பழுப்பாக, மங்கலாக. ஃபங்கஸ், கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று திட்டிக்கொண்டே கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. துடைத்து மறுபடி மாட்டினேன்.

கறை நடுவுக்கு நகர்ந்திருந்தது.

சரி, புதியதைப் பார்ப்போம் என்று அதை மாட்டினேன். அதிலும் கறை. அப்படியென்றால் கோளாறு லென்ஸில் இல்லை, கேமராவில் இருக்கவேண்டும். கேமராவை வானத்துக்குத் திருப்பினேன். கறை இல்லை. பக்கத்துச் சுவருக்குத் திருப்பினேன். இல்லை. படிக்கட்டுக்குத் திருப்பினேன்...

இருந்தது. முன்னைவிடப் பெரிதாக.

அப்போதுதான் நாற்றம் வந்தது. பாட்டிலைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டையும் செருப்புக் காலால் உருட்டி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். நாற்றம் போகவில்லை. இது மூத்திரம் இல்லை. மீனும் இல்லை. நாள்பட்ட கட்டுத்துணி, வியர்வை ஊறிய மெத்தை, அதற்கெல்லாம் அடியில் ஓர் இனிப்பு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற இனிப்பு.

மணி 6.50. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் விளக்கு எரிந்தது. இதை முடித்துவிட்டால் கிளம்பிவிடலாம். கண்ணை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன்.

ஸ்ர்ர்ர்... லென்ஸ் தேடியது. ஸ்ர்ர்ர்... போய்த் திரும்பி வந்தது.

பீப்.

பீப் என்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் படிக்கட்டு தெரியவில்லை. லென்ஸின் முதுகில் தூரம் காட்டும் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. குனிந்து பார்த்தேன்.

முள் மூன்றடியில் நின்றது.

மறுபடி கண்ணை வைத்தேன்.

தோல்.

மஞ்சள் பூத்த மனிதத் தோல். ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாகத் தெரிந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவ்வளவு தெளிவு. நடுவில் எலும்பு முடிச்சு முடிச்சாக மேலிருந்து கீழே இறங்கியது. ஒரு முதுகு. தோலோடு தோலாக ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே...

ஒரு குழி. என் கை போகும் அளவுக்கு. ஓரம் கருப்பு. உள்ளே ஈரம். ஈரத்துக்குள் வெள்ளையாய், அரிசி மாதிரி, ஏதோ நெளிந்தது.

தலையைத் தூக்கினேன். எனக்கு முன்னால் ஜன்னல். அதற்கு அப்பால் படிக்கட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை.

கண்ணை வைத்தேன். முதுகு.

அது மூச்சு விட்டது. குழியின் ஓரம் விரிந்தது... சுருங்கியது.

மூன்றடி என்பது கை நீட்டினால் தொடும் தூரம்.

என் விரல் பொத்தானிலிருந்து வரமாட்டேன் என்றது. டிக். டிக். டிக். படம் விழுந்துகொண்டே இருந்தது.

ப்ச்ச்ச்...

காய்ந்த பிளாஸ்திரியை உரிக்கும் சத்தம். அறைக்குள். மெதுவாக.

முதுகு மங்கியது. மூன்றடிக்கும் உள்ளே வந்துவிட்டது.

ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்... லென்ஸ் தேடியது.

பீப் வரவில்லை.

ட்ரைபாட் மெல்ல என் பக்கம் சாய்ந்தது. முன்னாலிருந்து யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்வது மாதிரி.

ஓடினேன். அந்தப் பயத்திலும் ட்ரைபாடோடு எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் ஓடினேன். என் வண்டி கடைக்காரரிடம் ஈடாக இருக்கிறதே. தெருவிளக்குக்கு அடியில் வந்து நின்றபோதுதான் லென்ஸ் முன்வாயில் என் விரல் ஒட்டுவது தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவரில் இருக்கும் அந்த லாரி டிரைவர் இப்போது எங்கே என்று கேட்டேன். அவர் விரலைச் சப்பிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். அவன் போய்ச் சேர்ந்தாச்சு. கேன் தூக்கியது அவன் இல்லையாம், அவன் தம்பி. ஒரே உயரம், ஒரே சட்டை. முகம் சரியாக விழவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பணம் மறுத்ததும் தம்பி எங்கேயோ கிளம்பிவிட்டான். இவன் தனியாகக் கிடந்திருக்கிறான். வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து, நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்களாம். செத்து மூன்று நாள் என்றாராம் டாக்டர்.

"தூக்கும்போது முதுகு பாயோடயே வந்துடுச்சாம்," என்றார். "கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அக்கா ஊற்றினாள்.

"அப்படின்னா அந்தப் படத்தைக் கழட்டலாமே அத்தான்."

"கழட்டினா ஆணி ஓட்டை தெரியும்டா."

காலையில் கடைக்குப் போனேன். கடைக்காரர் படங்களைத் திரையில் போட்டார். கடைசிப் பதினொன்றிலும் முதுகு இல்லை. யாருமே இல்லை. ஆனால் படிக்கட்டு மட்டும் புகையாகக் கரைந்திருந்தது, எதற்கோ கிட்டத்தில் ஃபோகஸ் வைத்த மாதிரி.

"முன்னாடி யாரை நிக்க வச்சீங்க?"

"யாரையும் இல்ல."

"காத்துல ஃபோகஸ் நிக்காது தம்பி. எதையாவது புடிச்சிருக்கணும்." லென்ஸின் முன்வாயில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "சாப்பிட்ட கையோட தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது."

நான் இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை. வேலை போனது. அக்கா வீட்டுத் தட்டும் போனது. அது எனக்குத் தெரியும். வாசல்வரை வந்தவன், கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றித் திரும்பினேன்.

"இந்தப் புதுசை யார் திருப்பிக் குடுத்தது?"

"பருந்துன்னு ஒருத்தர். முன்னாடி எடுத்த படத்துல முகம் சரியா விழல, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு, இதை வச்சு அதே எடத்துல மறுபடி பார்க்கணும்னு வாங்கிட்டுப் போனார். மறுநாள் காலையில வந்து குடுத்துட்டார். என்ன குறைன்னேன். ரொம்பத் தெளிவா இருக்கு, வேணாம்னார். கையை மட்டும் துணியில தொடைச்சிக்கிட்டே இருந்தார்."

"இது எப்போ?"

கடைக்காரர் கீழ்த்தட்டைப் பார்த்தார்.

"வெள்ளம் வந்துச்சே... அதுக்கு முந்தின வாரம்."

முந்தின வாரம்.

அன்றைக்கு அந்தக் கதவில் பலகை அடிக்கவில்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடியில், திரும்பிக்கூடப் படுக்க முடியாமல், லாரி டிரைவர் உயிரோடு இருந்தான்.