கொம்யூன்காரன்

இரண்டு மொழி தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு விழும் என்பது, துபாசி வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் நான் சொல்லியா தெரியவேண்டும்?

புது வார்த்தை

முப்பதுகளில் நான் பாகூர் போலீஸ் கச்சேரியில் துபாசி. புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த காலம். இங்கிலீஷில் கம்யூனிஸ்ட் என்பதை எங்கள் பிரெஞ்சு துரை கொம்யூனிஸ்த் என்பார். பிடித்து வருகிற ஆளையெல்லாம் "நீ கொம்யூனிஸ்தா?" என்று தமிழில் கேட்கவேண்டியது என் வேலை. ஆமென்றால் ஜெயில்.

அறுப்புக் கூலி கூடக் கேட்டான் என்று குருவிநத்தத்துப் பண்ணையாள் முனுசாமியைக் கொண்டுவந்தார்கள். "நீ கொம்யூனிஸ்தா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் வரி கட்டுவது, பிறப்பு இறப்பு பதிவது எல்லாம் கொம்யூன் என்கிற பஞ்சாயத்து ஆபீசில்தானே? அவன் பயமே இல்லாமல் சொன்னான்: "ஆமாங்க, பாகூர் கொம்யூன்தான். எங்க அப்பன், பாட்டன் எல்லாருமே கொம்யூன்தாங்க."

ஒரே வேர்

ஆள் ஊரைச் சொல்கிறான், கட்சியை அல்ல என்று துரையிடம் மன்றாடினேன். நான் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறேனாம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கும் வேர் ஒன்றுதான், பொது என்று அர்த்தம், உங்கள் அகராதியையே பாருங்கள் என்றேன். பார்த்தார். மூடிவைத்தார். "வேர் ஒன்றாக இருக்கலாம். ஒன்றுக்கு வரி, மற்றதற்கு ஜெயில்."

பெண்சாதி சாட்சி

மறுநாள் முனுசாமியின் மனைவி அஞ்சலை வந்தாள். பாவம், அழுது வீங்கிய முகம். 'கொம்யூனிஸ்த் இல்லை என்று அடித்துச் சொல், விட்டுவிடுவார்கள்' என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் ராஜ்யம். அங்கிருந்து வந்து கலகம் செய்கிறவன் என்றால் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. துரைக்கு முன்னால் நின்று அவள் அடித்துச் சொன்னாள்: "சத்தியமா அவரு இந்த கொம்யூனே கெடையாதுங்க. ஆத்துக்கு அந்தாண்ட, இங்கிலீஷ்காரன் ஊருங்க."

பொது

அந்தப் பாழும் வார்த்தையை விட்டுவிட்டு அர்த்தத்தைக் கேட்கிறேன் என்று துரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "முனுசாமி, ஊர்ல இருக்கறதெல்லாம் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னு சொல்றியா?"

முனுசாமி சிரித்தான். அவன் சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். துரை, நீ போகலாம் என்று அவனுக்குக் கதவைக் காட்டினார். அந்தப் பதில் இதுதான்: "பொதுவாவா? கொளமும் சுடுகாடும் பொதுன்னுதான் சொல்றாங்க. அதுலகூட எங்களுக்குத் தனிங்க."

பொது என்பதையே கண்ணால் பார்த்திராதவன் பொதுவுடைமைக்காரனாக இருக்க முடியாது என்று அன்றைக்கு சர்க்கார் ஒப்புக்கொண்டது.