ஒரு எரர்கூட இல்லை

எங்கள் பட்டுக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் அடையாள அட்டை. சர்வர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ரீஸ்டார்ட் செய்வார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அன்று முகூர்த்த சீசன். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்து பில் நின்றுவிட்டது. கூறைப்புடவை எடுத்த வாலாஜாபாத் குடும்பம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை முறைத்துக்கொண்டிருந்தது. அவரோ நிதானமாக, கோளாறுகள் பதிவாகும் லாகைத் திறந்து காட்டினார்.

“பாருங்க மேடம், காலையிலேர்ந்து ஒரு எரர்கூட இல்ல. சிஸ்டம் நல்லா இருக்குது.”

“இந்த லாக் எங்க சார் பதிவாகுது?”

“டேட்டாபேஸ்லதான்.”

“அந்த கனெக்‌ஷன்தானே அறுந்து கெடக்குது?”

“அதனாலதான் எரர் வரல” என்றார், கடைசியில் எனக்கும் புரிந்துவிட்டதே என்ற நிம்மதியோடு.

“அறுந்தா அதுவே திரும்ப சேர்ந்துக்காதா சார்?”

“அதுக்குத்தான் நாங்க இருக்கிறோம் மேடம். இனிமே போன் பண்ணிக்கினு இருக்காதீங்க. இதுலயே கம்ப்ளெயின்ட் பட்டன் இருக்குது. அமுக்குங்க, ஓடி வந்துடறேன்.”

அந்தப் புகாரும் அதே டேட்டாபேஸுக்குத்தான் போகவேண்டும்.

அதற்குப் பிறகு இணைப்பு எத்தனையோ முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கினேன். அவர் வரவேயில்லை. இப்போதெல்லாம் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நானே ரீஸ்டார்ட் செய்கிறேன். காஞ்சிபுரத்திலேயே புகார் வராத ஒரே கடை எங்களுடையதுதான் என்று மற்ற கடைகளில் அவர் பெருமையாகச் சொல்கிறாராம்.