முள்ளுக்கரண்டி இல்லாத பந்தி

அந்தக் கோப்பையை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. பதினான்கு பேர் வாய்வைத்துக் குடித்த மரக்கோப்பை. பதினைந்தாவது வாய் என்னுடையது. யாரும் என் கழுத்தைப் பிடித்துக் குடிக்க வைக்கவில்லை. ஒரு பதவிக்காக நானாகத்தான் குடித்தேன். அந்த அருவருப்பில் பாதி என்மேலேயே எனக்கு.

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் அப்போது ஒன்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். தட்டில் கோழி, பக்கத்தில் பாண், மூலையில் கேக் துண்டு, அதற்குப் பக்கத்தில் கடதாசியில் சுற்றிய முள்ளுக்கரண்டி. என் மேலாளர் இந்த நாட்டுக்காரி, பிரெஞ்சு பேசுபவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கையுறை, தலைவலை, நகம் எல்லாவற்றையும் தினமும் பார்ப்பாள். அது அவளுடைய வேலை, அதில் எனக்குக் குறையில்லை. குறை வேறு. நான் சேர்ந்த முதல் மாதம் சாப்பாட்டறையில் இடியப்பத்தைச் சொதியோடு குழைத்துக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் முள்ளுக்கரண்டி ஒன்றை என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து வேலையிடத்தில் நான் கையால் சாப்பிட்டதில்லை. முள்ளுக்கரண்டியால் இடியப்பம் சாப்பிடுவது கையுறை போட்டுக்கொண்டு தலை பின்னுவதைப் போன்றது. ஒன்பது வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

பிறகு தட்டு அடுக்கும் எங்கள் வரிசைக்குப் பொறுப்பாளர் பதவி ஒன்று காலியானது. நேர்முகம் முழுக்கப் பிரெஞ்சில். என் பிரெஞ்சு, தட்டு அடுக்கப் போதுமான பிரெஞ்சு: இன்னும் பத்து, இது இல்லை அது, முடிந்தது. என்ன செய்யலாம் என்று மேலாளரிடமே கேட்டேன்.

"பேசப் பேசத்தான் வரும். எங்கள் குழுவுக்கு வா," என்றாள்.

அவளுடைய குழு சனிக்கிழமைகளில் எண்ணூறு வருடத்துக்கு முந்திய தங்கள் முன்னோரைப் போல உடுத்து, மரக்கேடயம் பிடித்து வாட்சண்டை போட்டு, பின்னர் எல்லோருமாகப் பந்தியில் உட்காரும் குழு. நேர்முகத்தில் கேள்வி கேட்கப் போகிறவளும் அவளேதான். வரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

வீட்டில் கணவர் சிரித்தார். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து எண்டு சொல்லுவினம். உம்மடை மேலாளர் ரெண்டையும் ஒரே இடத்திலையெல்லே வைக்கிறா. சண்டைக்குப் பயந்து ஓடி வந்த எங்களுக்கு இதென்ன விளையாட்டு?"

"நான் சண்டை பிடிக்கப் போகேல்லையப்பா. கதைக்கப் பழகத்தான் போறன்."

இல்-பிசார் என்ற தீவில், குழுவில் ஒருவருடைய வீட்டுப் பின்வளவு. அந்த வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது என்று அவளே காரில் கூட்டிப்போனாள். எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தாள். அதைத் துவைப்பதில்லையாம், காற்றில் உலர்த்துவார்களாம். அதற்குள் எனக்கு முன் நுழைந்த அத்தனை உடம்புகளின் வியர்வையும் புகையும் இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டேன்.

சண்டை அரை மணி நேரம். பருத்த ஆண்களும் என் மேலாளரும் தகரக் கவசத்தோடு மோதி, விழுந்து, எழும்பிச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பந்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் முள்ளுக்கரண்டி புழக்கத்தில் இல்லையாம், ஆகையால் மேசையில் அது கூடாது என்பது விதி. விதியைச் சொன்னவள் என் மேலாளர். சொல்லிவிட்டு, சண்டை பிடித்த கையைக் கழுவாமலே இறைச்சியைப் பிய்த்தாள். இடக்கை, வலக்கை என்ற பேதமே இல்லை. விரலைச் சூப்பிவிட்டு அதே விரலைப் பொதுச்சட்டியில் விட்டாள். கொழுப்பை மேசைவிரிப்பில் துடைத்தாள். ஒருவர் தன் மரக்கிண்ணத்தை நாய்க்கு நக்கக் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கி அதிலேயே கூழ் வார்த்துக்கொண்டார். நகம் பார்ப்பவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். ஊருக்குத்தான் உபதேசம்!

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஒரு துண்டுப் பாணை நுனிவிரலால் பிய்த்துக் கறியில் தோய்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"எல்லோரும் பாருங்கள்! உள்ளங்கையில் ஒரு சொட்டுப் படவில்லை. எவ்வளவு அழகாகச் சாப்பிடுகிறாள்!"

பதினான்கு பேரும் என்னைப் பார்த்து அதேபோலச் செய்ய முயன்றார்கள். கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒன்பது வருடத்துக் கரண்டி அந்த நிமிடமே மறந்துபோனது.

அந்த மயக்கத்தில்தான் கோப்பை வந்தது. புதிதாகச் சேர்பவர் கடைசியாகக் குடித்தால் குழுவில் ஒருவராம். தேன்மது. விளிம்பில் கொழுப்பு மினுங்கியது, உள்ளே பாண் துணிக்கை மிதந்தது. நான் வாய் படாமல் அண்ணாந்து வார்த்துக் குடித்தேன். வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள். அவள் மட்டும் தலையை ஆட்டினாள்.

"அப்படி இல்லை. உதடு பட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் சேராது."

பதினான்கு பேரின் எச்சில். நேர்முகம் நினைவுக்கு வந்தது. உதட்டை வைத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கணவர் கேட்டார். "என்ன, வெற்றியோ?"

"பேந்து சொல்லுறன். முதல் வாய் கொப்பளிக்கோணும்."

திங்கட்கிழமை இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவளே எல்லோர் முன்னாலும் புகழ்ந்த சாப்பாட்டு முறைதானே என்று நம்பி, சாப்பாட்டறையில் கையால் குழைத்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போது கடதாசியில் சுற்றிய முள்ளுக்கரண்டி ஒன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது. இந்த முறை அவள் பேசினாள், அதுவும் அன்பாக.

"அது சனிக்கிழமைக்கு. இங்கே மற்றவர்களும் சாப்பிடுகிறார்கள் அல்லவா?"

அவளுடைய விரல்களைப் பார்த்தேன். சூப்பிய விரல்கள். கரண்டியை எடுத்து அவளிடமே நீட்டினேன். ஒரு இடத்திலும் தடுக்காமல் பிரெஞ்சில் சொன்னேன்:

"நீங்களே வைத்திருங்கள். சனிக்கிழமை உங்களுக்குத்தான் தேவைப்படும்."

மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் கழுத்துவரை சிவந்து, கரண்டியோடு போனாள். நான் மிச்ச இடியப்பத்தையும் கையாலேயே சாப்பிட்டு முடித்தேன். அதன்பிறகு இல்-பிசார் பக்கம் போகவில்லை.

நேர்முகத்துக்கு மட்டும் போனேன். பதவி வேறொருத்திக்குப் போனது. எனக்கு வந்த கடிதத்தில் என் பிரெஞ்சு போதாது என்று இருந்தது, கீழே மேலாளரின் கையெழுத்து. அன்று சாப்பாட்டறையில் அதே பிரெஞ்சில் நான் சொன்னது அவளுக்கு முதல் தரமே விளங்கியது.