லண்டன் ஆபீஸ்காரி

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி மயில்வாகனத்தின் மூத்த பெண் கமலவேணியை எல்லாரும் லண்டன் ஆபீஸ்காரி என்றுதான் சொன்னார்கள். அவள் எந்த ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்டவன் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்கா பெண்ணை அனுப்பினார்கள் என்று தெரு கேட்குமே! அதனால் வீட்டார் தாங்களாகவே ஒரு ஆபீஸைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

லீட்ஸில் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். குளிரும் உப்புச் சப்பில்லாத சாப்பாடும் ஒரு பக்கம் இருக்க, காலையில் வேலைக்குக் கிளம்பக் கால் துறுதுறுக்கும். பக்கவாதத்தில் கிடந்த ஒரு கிழவர் அவள் சவரம் செய்வதென்றால்தான் முகத்தைக் காட்டுவார். புதிதாக வரும் நர்ஸுகளைப் பழக்க அவளிடம்தான் விடுவார்கள். பிறந்த வீட்டில் மூடி மறைத்த வேலைக்கு அந்த ஊரில் மரியாதை இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம், அம்மா காமாட்சியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள் என்று தந்தி போயிற்று. அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். உள்ளே நுழைந்ததுமே வாடையை வைத்து, அம்மாவுக்கு முதுகில் புண் என்று தெரிந்துகொண்டாள். கூலிக்கு வந்த பூவம்மாள் தனக்குத் தெரிந்தபடி ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போவாள். அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

கமலவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெந்நீர் கேட்டாள். அப்பா குறுக்கே வந்து நின்றார். தங்கை தையல்நாயகிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது நோயாளியைப் பார்க்க வந்தபடி இருந்தார்கள். கல்யாணம் முடியும்வரை பொறு என்றார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்கிறேன் என்று கெஞ்சினாள். தறி ஓடுகிற வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஏது என்று கேட்டுவிட்டார்.

அம்மாவாவது தன் பக்கம் பேசுவாள் என்று நம்பினாள்.

"நீ பக்கத்துல உக்காந்துக்கினு இரு, அது போதும்," என்றாள் காமாட்சியம்மாள். "கை வெக்காதம்மா. பழகின கைன்னு பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபூடும். சின்னவ பொழைக்கணும்."

கமலவேணி விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பூவம்மாள் வெடுக்கென்று துணியை உருவும்போது அம்மா பல்லைக் கடிப்பதைப் பார்த்தாள். யார் யாருக்கோ செய்த கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். லண்டன் ஆபீஸ் எத்தனை மாடி என்று வந்தவர்கள் கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னாள்.

புண்ணிலிருந்து விஷம் உடம்பெல்லாம் ஏறி, முகூர்த்தத்துக்கு முன்பே காமாட்சியம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

தாயின் உடம்பைக் குளிப்பாட்டும்போது மகள் சீயக்காய் வைத்துத் தலை தேய்க்க வேண்டும், அது முறை. புழக்கடையில் சுற்றிலும் புடவையால் மறைப்பு கட்டிவிட்டு, பெண்கள் கமலவேணியைக் கூப்பிட்டார்கள். இப்போது மட்டும் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

அவள் தலையோடு நிறுத்தவில்லை. குடத்துத் தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். தோளுக்கடியில் கை கொடுத்து அம்மாவை அலுங்காமல் ஒருக்களித்துத் திருப்பினாள். புண்ணைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மாப்பிள்ளையின் தாய் பட்டம்மாள் குடமும் கையுமாக அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றாள் கமலவேணி. "ஆயிடுச்சு, இன்னும் கொஞ்சந்தான்."