திட்ட ஆளில்லாதவர்

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவரை 'அவர்' என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பொடிசுகள்கூட "கண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூளை வளர்ச்சி மெதுவானது என்று சின்ன வயதிலேயே டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்; அதனால் வயதும் ஏறாது என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நாம் அவரை அவர் என்றே சொல்வோம். அதில் நம் சொத்து ஒன்றும் கரைந்துவிடாது.

சிறப்புப் பள்ளியில் சட்டைப் பொத்தான் போடக் கற்றார், பேருந்தில் இறங்குமிடம் பார்த்து இறங்கக் கற்றார். எழுத்து கடைசிவரை பிடிபடவில்லை. துணி மடிப்பது மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. அதை வைத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மா போன பிறகு அக்கா வீட்டின் கடைசி அறை அவருடையதானது.

அக்கா கெட்டவள் இல்லை. "அவனை ஒரு சொல் சொல்லிடாதேடி" என்று சாகும்போது அம்மா கேட்டுக்கொண்டதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவள். அவளும் அவள் கணவரும் தங்களுக்குள் எலியும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள். அவர் அறையை விட்டு வெளியே வந்தால் போதும், இரண்டு முகத்திலும் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதியில் நின்ற சண்டை என்ன ஆனது என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. சாப்பிட்டியா கண்ணு, தூங்கினியா கண்ணு. அதற்கு மேல் அந்த வீட்டில் அவரிடம் யாருக்கும் பேச்சில்லை.

சலவைக்கூடத்தில் மட்டும் ஒருத்தி இருந்தாள். இஸ்திரி மேசை அவளுடையது, அதனால் இஸ்திரி அக்கா. மூக்குக்கு மேல் கோபம். கட்டில் விரிப்புகளை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டிரண்டு மூலையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி இவர்தான்.

"யோவ்! கண்ணை எங்கய்யா வெச்சிருக்கே? மூலை தரையில இழுபடுது!"

"நீங்கதான் லூஸா விட்டீங்க."

"நானா? எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

"வயசாயிடுச்சு. அதான் உங்களுக்குக் கை ஆடுது."

ஒரு தலையணை உறை பறந்து வந்து அவர் தலையில் விழும். மொத்தக் கூடமும் சிரிக்கும். நாள் முழுக்க இதே பாட்டுத்தான். அவர் வேலைக்கு ஒருநாள் வராவிட்டாலும் மறுநாள் வாசலிலேயே கச்சேரி ஆரம்பமாகிவிடும்: "எங்கய்யா தொலைஞ்சே நேத்து? உன் பங்கையும் நானே மடிக்கணுமா?" அவர் வராததால் உலகத்தில் ஒருவருக்காவது இடுப்பு வலித்தது. அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சட்டென்று புரியாது. நம்மைத் திட்டத்தான் வீட்டிலும் வெளியிலும் வரிசையில் நிற்கிறார்களே.

இவளைப் பற்றி வீட்டில் அவர் மூச்சு விட்டதில்லை. முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அதட்டியதைச் சொல்லப்போக, அக்கா நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து வாட்ச்மேன் இவரைக் கண்டால் சல்யூட் அடித்தான். பேச்சு அத்தோடு சரி. அந்தப் பாடம் அவருக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை சலவைக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். இஸ்திரி அக்காவுக்கு மாலை போட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார். பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அவள் வரவில்லை. ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "வருவாங்க கண்ணு, வருவாங்க" என்றார்கள். அவர் தினமும் கேட்டார். தினமும் வருவாங்க என்றார்கள். இரக்கத்தில் சொல்கிற பொய்க்குப் பாவமில்லை என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அதன் பிறகு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் தங்கமானவர்கள். அவர் கோணலாக மடித்தால் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடித்தார்கள். அவர் அதைப் பார்த்தார். ஒருநாள் ஈர உறையைக் காய்ந்த அடுக்கில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று காத்திருந்தார். "பரவாயில்ல கண்ணு." விரிப்பின் மூலைகளில் முடிச்சுப் போட்டு வைத்தார். "பரவாயில்ல கண்ணு." கடைசியில் ஒரு மூட்டைச் சுத்தத் துணியைத் தரையில் கொட்டி அதன்மேல் ஏறி நின்றார்.

சூப்பர்வைசர் அவருடைய அக்காவுக்குப் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்."

வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். புறங்கையைக் கடித்துக் காயமாக்கினார். டாக்டர் அவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, "இவங்க இப்படித்தான்மா, வயசாக ஆக முரண்டு பிடிப்பாங்க" என்று மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்தது. அவர் பகலிலும் தூங்கினார். வீடு அமைதியானது, ஆனால் அந்த அமைதி அக்காவுக்கே பொறுக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள்.

"வாங்க சார், உட்காருங்க" என்றாள் ஆலோசகர். அவர் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். மேசைமேல் முகம் வரைந்த அட்டைகள் இருந்தன: சிரிப்பு, அழுகை, பயம், கோபம். "இப்ப உங்க மனசு எது மாதிரி இருக்கு?" அவர் யோசிக்காமல் சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் சிரித்த முகத்தைத் தொட்டால்தான் சபாஷ் கிடைக்கும். அதை அவர் மறக்கவில்லை.

ஆலோசகர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "சரி, உங்க முகம் இருக்கட்டும். சூப்பர்வைசர் முகம் எது?" சிரிப்பு. "அக்கா?" சிரிப்பு. "மாமா?" அதுவும் சிரிப்பு. "உங்களுக்கு எந்த முகத்தைப் பார்க்கணும் போல இருக்கு?"

அவர் அட்டைகளை ஒதுக்கி ஒதுக்கி, கோபமான முகத்தை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "இஸ்திரி அக்கா" என்றார். "எங்க போனாங்க?"

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஆலோசகர், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவங்களுக்கு வேலை முடிஞ்சு போச்சு சார். மகன் ஊருக்குப் போயிட்டாங்க. சலவைக்கூடத்துக்கு இனிமே வர மாட்டாங்க."

அத்தனை மாதத்தில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள். அவர் மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதார். அக்கா பதறி எழுந்தாள். "அழட்டும்மா. துக்கம்தானே, நோய் இல்லையே" என்றாள் ஆலோசகர். கிளம்பும்போது அக்காவைத் தனியே நிறுத்திச் சொன்னாள்: "அந்தம்மாகிட்ட போன்ல பேச வைங்க. உடம்பு சரியில்ல, அது இதுன்னு சொல்லாதீங்க. பேசணும்னு கேட்கறார்னு மட்டும் சொல்லுங்க. அவங்க எப்பவும் பேசற மாதிரி பேசட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எண் கிடைத்தது, மாலையில் பேசுவதாக ஏற்பாடு. அவர் குளித்து, வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று காலையிலிருந்தே முணுமுணுத்துப் பழகி வைத்திருந்தார். அக்கா எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும்போது ஜன்னல் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அவனுக்கு மனசு சரியில்லீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம், மாத்திரை சாப்பிடறான். கொஞ்சம் பதமா பேசுங்க."

போனைக் கையில் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பழகி வைத்திருந்ததை எடுத்துவிட்டார்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

"தப்புத்தான் கண்ணு" என்றது அந்தப் பக்கக் குரல். "சொல்லாம வந்துட்டேன். நல்லா இருக்கியாடா செல்லம்?"

அவர் போனை இறுக்கிப் பிடித்தார். "நீங்கதான் லூஸா பிடிச்சீங்க. எப்பவும் நீங்கதான்."

"ஆமாம் கண்ணு. நான்தான். நீ ஒழுங்கா மாத்திரை போட்டுக்கணும், என்ன? அக்கா சொன்னபடி கேட்கணும்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார். பிறகு போனை அக்காவிடம் நீட்டினார்.

"இது அவங்க இல்ல."

"அவங்கதான்டா கண்ணு..."

"இல்ல! நீ ஏன் சொன்னே? ஏன் சொன்னே எனக்குச் சரியில்லன்னு? யாரு சொல்லச் சொன்னா உன்னை?"

வீடு அதிரக் கத்தினார். வாழ்நாளில் அக்காவை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. முகம் சிவந்து, காலைத் தரையில் ஊன்றி, அவளுடைய பதிலுக்காக நின்றார். என்மேல் கத்தாதே என்று ஒரு வார்த்தை அவள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். நீ மட்டும் யோக்கியமா, இஸ்திரி அக்காவைப் பற்றி இத்தனை நாள் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கக் காரணமும் இருந்தது. அக்காவுக்குக் கண்தான் நிறைந்தது. ஓடி வந்து அவர் கன்னத்தைத் தடவினாள்.

"என் தப்புதான் கண்ணு. இனிமே சொல்லவே மாட்டேன். கோவிச்சுக்காதே. கோவமா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "இல்ல" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் போனாள். "நல்லவேளைங்க, சமாதானம் ஆயிட்டான்" என்றாள். சண்டையே நடக்கவில்லை, சமாதானம் மட்டும் ஆகிவிட்டது.